ஷூவுக்குள் புளியங்கொட்டை

ஜூன் 3, 2025, செவ்வாய்

இன்றோடு பதினோரு நாள். சிரிக்கவில்லை.

அதாவது கேமரா முன்னால். வீட்டில் சிரிப்பதை யாரும் கணக்கில் எடுக்கக் கூடாது.

இன்று அரிசி ஆலை வாசலிலிருந்து நேரலை. லாரிகள் நிற்பதால் போக்குவரத்து நெரிசல். சென்னை ஸ்டூடியோவிலிருந்து ரஞ்சித்குமார், "சுகன்யா, அங்கே தற்போதைய நிலவரம் என்ன?" என்று கேட்டார். தற்போதைய நிலவரம், லாரி நிற்கிறது. அதையே இரண்டு நிமிஷம் நீட்டிச் சொன்னேன். எனக்குப் பின்னால் ஒரு டிரைவர் லாரியின் பக்கக் கண்ணாடியைப் பார்த்துப் பல் தேய்த்துக்கொண்டிருந்தாராம். முடிந்த பிறகுதான் பலராமன் அண்ணன் சொன்னார். முன்பே பார்த்திருந்தால் என் கதை முடிந்திருக்கும்.

பலராமன் அண்ணன் எங்கள் கேமராமேன். அவர் முகத்தில் எதுவும் அசையாது. அவருடைய கல்யாண ஆல்பத்தைப் பார்த்திருக்கிறேன். அதிலும் ஃபோகஸ் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற முகம்தான்.

ஜூன் 5, வியாழன்

ரேணுகாதேவி மேடம் போன் செய்தார். எங்கள் 'பொழுது நியூஸ்' சேனலில் மாவட்ட நிருபர்கள் எல்லோருக்கும் அவர்தான் தலைமை. கோபமாகப் பேசியிருந்தால் தேவலை. பொறுமையாகப் பேசினார்.

"ரெண்டு தடவை ஆயிடுச்சு சுகன்யா. மூணாவது தடவை நேரலையில சிரிச்சீங்கன்னா சென்னைக்கு வந்து கீழே ஓடுற எழுத்தை டைப் பண்ணுங்க. மைக் வேற யாருக்காவது போகும்."

இந்த மைக்குக்காக நான் வீட்டில் ஒரு வருஷம் சண்டை போட்டிருக்கிறேன். ஆரணியிலிருந்து ஒரு பெண் மைக் பிடித்து நிற்பதை ஊரே பார்க்கிறது. அது போய் நான் எங்கேயோ ஒரு அறையில் உட்கார்ந்து 'கனமழை எச்சரிக்கை' என்று தட்டிக்கொண்டிருக்க வேண்டுமா?

அந்த இரண்டு தடவையையும் எழுதி வைக்கிறேன். மறக்கக் கூடாது.

முதலாவது, ஏப்ரலில். தெருநாய்த் தொல்லை பற்றி ஒரு அதிகாரி பேட்டி கொடுத்தார். "நாய்கள் முழுமையாகக் கட்டுப்பாட்டில் உள்ளன" என்று அவர் சொல்லும்போது ஒரு நாய் வந்து அவருடைய செருப்பைக் கவ்விக்கொண்டு நிதானமாக நடந்து போனது. நாற்பது நொடி சிரித்தேன்.

இரண்டாவது, மே 23. சந்தவாசல் பக்கம் ஒரு சின்ன ஊரில் குடிநீர்க் குழாய் திறப்பு விழா. ரிப்பன் வெட்டினார்கள், கை தட்டினார்கள், குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் வரவில்லை. காற்று வந்தது. அந்தச் சத்தத்தை எழுத்தில் எழுத முடியாது, எழுதவும் கூடாது. பந்தி முடிந்து எழுந்த பெரிய மனுஷன் ஒருவர் மாதிரி இருந்தது. நான் மைக்கோடு தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்த வீடியோவைப் பன்னிரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள்.

ஆனால் வீடியோவில் இல்லாதது ஒன்று உண்டு. முடிந்த பிறகு தனக்கோடி என்கிற அக்கா, காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். "நாலு வருஷமா காத்துகினு இருந்தோம்மா. எங்களப் பாத்தா சிரிப்பா இருக்குதா?" என்றார்.

அவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எப்படிச் சொல்வது அதை? பயம் வந்தால் மற்றவர்களுக்குக் கை நடுங்கும். எனக்குச் சிரிப்பு வரும். பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் கேள்வித்தாளை வாங்கியதும் சிரித்து வெளியே நிற்க வைக்கப்பட்டவள் நான்.

அக்காவிடம் ஒன்றும் சொல்லாமல் வண்டி ஏறிவிட்டேன். அதை நினைத்தால்தான் வெட்கமாக இருக்கிறது, பன்னிரண்டு லட்சத்தை நினைத்து அல்ல.

ஜூன் 8, ஞாயிறு

வீட்டில் ஒத்திகை. அப்பா தறியை நிறுத்திவிட்டு அமைச்சராக நடித்தார். என் அப்பா சம்பந்தம் ஒரு நாளைக்கு மொத்தம் இருபது வார்த்தை பேசுகிறவர். நான் கரண்டியை நீட்டி, "விவசாயிகளுக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?" என்றேன். அவர் நெடுநேரம் யோசித்து, "வணக்கம்" என்றார். என்னால் தாங்க முடியவில்லை. சிரித்து விக்கல் வந்து தண்ணீர் குடிக்க வேண்டியதாயிற்று.

அம்மா தெருவில் பாவு நீட்டிக்கொண்டிருந்தவள் ஜன்னல் வழியே, "இன்னாடி அங்க கூத்து?" என்றாள். நானும் மைக்கோடு, அதாவது கரண்டியோடு, வெளியே போனேன். ஒரு கால் எடுத்து வைத்ததும் "பாவு!" என்று கத்தினாள். எங்கே என்று பார்ப்பதற்கு முன்பே நான் பின்னால் குதித்து வாசற்படியில் விழுந்தேன்.

எங்கள் தெருவில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் இது உண்டு. புடவைக்கு வேண்டிய பட்டு இழையைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருப்பார்கள், அதுதான் பாவு. முழங்கால் உயரத்தில் இருக்கும், வெயில் பட்டால் கண்ணுக்கே தெரியாது. ஒரு கால் பட்டால் நூறு இழை அறும். அதனால் நடக்கப் பழகும் முன்பே 'பாவு' என்ற சத்தத்துக்குப் பின்னால் குதிக்கப் பழகிவிடுவோம். மூளைக்கு அதில் வேலையே கிடையாது. காதிலிருந்து நேராகக் காலுக்குப் போகும்.

ஜூன் 10, செவ்வாய்

ஹெல்மெட் யோசனை படுதோல்வி.

பலராமன் அண்ணனின் அசையாத முகத்தைப் பார்த்தால்தான் எனக்குப் பாதிச் சிரிப்பு வருகிறது என்றேன். அவர் யோசித்தார். இன்றைய ஒத்திகைக்கு ஹெல்மெட் போட்டுக்கொண்டு கேமரா பின்னால் நின்றார். கண்ணாடியையும் இறக்கிவிட்டிருந்தார். அவருக்கு வ்யூஃபைண்டர் தெரியவில்லை. பக்கத்து டீக்கடையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். டீ மாஸ்டர் தலை வாரிக்கொண்டு வந்து நின்றார்.

நல்ல வேளை, ஒத்திகைதான்.

ஜூன் 12, வியாழன்

கண்டுபிடித்துவிட்டேன்!

அம்மா கூடத்தில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். அந்த ஹெல்மெட் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே நடந்தவள், வெறுங்காலோடு ஒரு கொட்டை மேல் ஏறிவிட்டேன். குதிகாலில், நடுவில். சிரிப்பு அப்படியே நின்றது. குழாயை மூடினால் நிற்கிற மாதிரி. அம்மா முகத்தைப் பார்த்தேன், ஹெல்மெட்டை நினைத்தேன், அப்பா சொன்ன வணக்கத்தை நினைத்தேன். ஊஹூம். வரவே இல்லை.

வலது ஷூவுக்குள் ஒன்று போட்டு வைத்திருக்கிறேன்.

ஜூன் 14, சனி

போளூர் ரயில்வே கேட்டில் நேரலை. கேட் மூடியிருந்தது. ஒரு கல்யாண மாப்பிள்ளை குதிரை மேல் உட்கார்ந்தபடி ரயிலுக்காகக் காத்திருந்தார். குதிரை அவருடைய மாலையைத் தின்றுகொண்டிருந்தது. சிரிக்கவில்லை. இருபத்திரண்டு நாள்.

ஜூன் 17, செவ்வாய்

அலுவலக முகவரிக்கு எனக்கு ஒரு பார்சல். உள்ளே ஒரு பாட்டில் எண்ணெய், ஒரு கடிதம். போளூரிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். பெயர் சின்னப்பையன், வயது எழுபத்து நான்கு.

'மகளுக்கு ஆசீர்வாதம். ரயில்வே கேட்டில் தாங்கள் நொண்டி நடந்து வந்து செய்தி சொன்னதைப் பார்த்து நானும் என் மனைவியும் வருந்தினோம். ஊனத்தைப் பொருட்படுத்தாமல் உழைக்கும் தங்களைப் போன்றவர்களே நாட்டுக்குத் தேவை. இந்த எண்ணெயைக் காலை மாலை தடவி வெந்நீர் ஊற்றவும்.'

கீழே அவருடைய போன் நம்பர். கூப்பிட்டு, "ஐயா, கால் நல்லாத்தான் இருக்குது, ஷூவுல புளியங்கொட்டை போட்டுகினு இருக்கேன்" என்று எப்படிச் சொல்வது? நன்றி சொன்னேன். "இப்ப எப்படிம்மா இருக்குது காலு?" என்றார். தேவலை என்றேன். பொய்யில்லை. எண்ணெய் உண்மையிலேயே நன்றாக இருக்கிறது. அப்பா தோளுக்குத் தடவிக்கொள்கிறார்.

ஜூன் 19, வியாழன்

அம்மாவோடு சண்டை. சண்டை என்றால் அவள் பேசினாள், நான் கேட்டுக்கொண்டேன்.

எங்கள் தெருவில் குழாய் பதிக்க ஒரு ஒப்பந்தக்காரர் வந்து பள்ளம் தோண்டினார். இருபது நாளாக ஆளைக் காணோம். தெருவில் பாதி அகலம் பள்ளம். மீதி இடத்தில் ஒரே ஒரு பாவுதான் நீட்ட முடிகிறது, அதற்கும் வீட்டுக்கு வீடு முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆவணி முகூர்த்தப் புடவைகள் தறியில் நிற்கின்றன. காலை முழுக்கத் தெருவில் "பாவு! பாவு!" என்கிற சத்தம்தான். நடக்கிறவர்களுக்கு இந்தப் பக்கம் பட்டு, அந்தப் பக்கம் பள்ளம்.

"நாய் செருப்பு தூக்கிகினு போனா காட்டுற. லாரி நின்னா காட்டுற. பெத்தவ வாசல்ல இருக்கிற பள்ளம் உனுக்குத் தெரியலியா? இன்னா ரிப்போர்ட்டரு நீ?"

சொந்தத் தெரு என்பதால்தான் பயமாக இருந்தது. எல்லோரும் என்னை ஜட்டியோடு ஓடிய காலத்திலிருந்து பார்த்தவர்கள். அவர்கள் முன்னால் மைக்கைப் பிடித்துக்கொண்டு "பொதுமக்கள் அவதி" என்று நான் சொன்னால், எனக்கே சிரிப்பு வருமே.

இருந்தாலும் மேடத்திடம் கேட்டேன். சனிக்கிழமை காலை ஏழரைச் செய்தியில் மூன்று நிமிஷம் தருவதாகச் சொன்னார். வைக்கும்போது, "ஞாபகம் இருக்குல்ல சுகன்யா?" என்றார்.

வார்டு கவுன்சிலர் காத்தவராயன் அண்ணனும் வர ஒப்புக்கொண்டார். அவரும் எங்கள் தெருவில் பிறந்தவர்தான். தறியை விட்டு இருபது வருஷம் ஆகிறது.

ஜூன் 20, வெள்ளி

நாளை ஏழரை. கொட்டை ஒன்று போதுமா, இரண்டு போடலாமா?

ஜூன் 21, சனி

எங்கிருந்து ஆரம்பிப்பது? கை இன்னும் மண்ணாக இருக்கிறது. இரண்டு முறை கழுவிவிட்டேன்.

இரண்டு கொட்டை போட்டேன். ஏழு மணிக்கே தெரு முழுக்க வாசலில் நின்றது. அம்மாவிடம், அரை மணி நேரம் பாவை எடுத்து வைக்கச் சொல்லி மன்றாடினேன். இன்று எங்கள் வீட்டு முறை, டிவிக்காகப் பட்டு நிக்காது என்று சொல்லிவிட்டாள். ஆக ஒரு பக்கம் மாம்பழ மஞ்சளில் எங்கள் பாவு, மறுபக்கம் பள்ளம், நடுவில் ஒரு ஆள் நடக்கிற இடத்தில் நானும் கவுன்சிலரும். அவர் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. எதிரே பலராமன் அண்ணன்.

ரஞ்சித்குமார் காதில் வந்தார். அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினான்கு வருஷமாகச் செய்தி வாசிக்கிறார். ஒரு தடவை தலைக்கு மேலே விளக்கு வெடித்தபோதும் வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்து பார்த்தாராம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவருடைய வீடியோவைத்தான் போட்டுக் காட்டுவார்கள்.

பேசினேன். நன்றாகவே பேசினேன். இருபது நாள், தறிகள், முகூர்த்தம் எல்லாம் சொன்னேன். கவுன்சிலர் பக்கம் மைக்கை நீட்டினேன்.

"மக்கள் பதற வேண்டியதில்ல. இது பெரிய பள்ளம் ஒண்ணுமில்ல. முழங்கால் ஆழம்தான். சின்னப் புள்ள கூட ஏறி வந்துடும்."

அடுத்த கேள்விக்கு நான் அவர் பக்கம் திரும்பினேன். இரண்டு கொட்டைகளும் ஒரே நேரத்தில் குத்தின. கால் தடுமாறிப் பாவு பக்கம் சாய்ந்தேன் போலிருக்கிறது.

அம்மா கத்தினாள். "பாவு!"

அவ்வளவுதான். காதிலிருந்து காலுக்கு. நான் பின்னால் குதித்தேன். பின்னால் பள்ளம்.

நான் மட்டுமில்லை. காத்தவராயன் அண்ணனும் குதித்தார். அவர் தறியை விட்டாலும் கால் இன்னும் விடவில்லை. வாசலில் நின்றிருந்த இருபது முப்பது பேரும் ஆளுக்கு ஒரு அடி பின்னால் குதித்தார்களாம். பலராமன் அண்ணனும் இந்த ஊர்க்காரர்தானே? நாடு முழுவதும் மூன்று நொடி ஆரணியின் வானத்தையும் ஒரு மின்கம்பியையும் பார்த்தது.

பள்ளம் எனக்கு மார்பு வரை இருந்தது. அடியில் சேறு. மைக்கை மட்டும் எப்படியோ தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தேன். பக்கத்தில் கவுன்சிலர். வெள்ளை இனி எந்தப் பவுடருக்கும் திரும்பாது. மேலே பலராமன் அண்ணன் விளிம்புக்கு வந்து கேமராவைக் கீழே திருப்பினார்.

வரும் என்று காத்திருந்தேன். சிரிப்பு. வயிற்றிலிருந்து கிளம்பும், எனக்குத் தெரியும். இத்தோடு மைக் போயிற்று, கீழே ஓடுகிற எழுத்துதான் என்று நினைத்தேன்.

நிமிர்ந்து பார்த்தேன். தெருவே விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கிறது. அம்மா புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள். தனக்கோடி அக்காவின் காலிக் குடம் ஞாபகம் வந்தது. முழங்கால் ஆழமாம்! எனக்குக் கோபம் வந்துவிட்டது. நிஜமான கோபம். கோபம் இருக்கிற இடத்துக்குச் சிரிப்பு வராது என்பதை இருபத்தெட்டு வருஷமாகக் கண்டுபிடிக்காமல் புளியங்கொட்டை போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

மைக்கை இறக்கினேன். "ரஞ்சித்குமார், தற்போது நாம் பள்ளத்துக்குள் இருக்கிறோம். நம்முடன் கவுன்சிலரும் இருக்கிறார். ஐயா, இது முழங்கால் ஆழம் என்று சற்று முன்பு கூறினீர்கள்."

அவர் தன் மார்பைக் குனிந்து பார்த்தார். "நிக்கிற ஆளைப் பொறுத்தும்மா."

"நிற்கிற ஆள் இப்போது நீங்கள்தான்."

"...மாரு வரைக்கும் வருது."

"எப்போது மூடுவார்கள்?"

"முதல்ல எங்கள ஏத்தட்டும். இன்னிக்கே சொல்றேன். ஜல்தியா மூடிடுவாங்க."

"நேரலையில் வாக்குறுதி கொடுத்திருக்கிறார் கவுன்சிலர். பள்ளத்திலிருந்து, ஒளிப்பதிவாளர் பலராமனுடன், சுகன்யா."

காதில் பதில் இல்லை. இணைப்பு போய்விட்டது என்று நினைத்தேன். பிறகு ஒரு சத்தம், குக்கர் விசில் கிளம்புவதற்கு முன்னால் வருமே, அந்த மாதிரி. அதன் பிறகு ரஞ்சித்குமார் சிரிப்பில் உடைந்துவிட்டார். முழுசாக. மேஜையைத் தட்டினார், "நிக்கிற ஆளை" என்று ஆரம்பித்தார், முடிக்க முடியவில்லை. தலைப்புச் செய்திகளுக்குப் போக முயன்று "தங்கம்" என்ற இடத்தில் மறுபடி உடைந்தார். ஒரு நிமிஷம் ஐம்பது நொடி. கடைசியில் விளம்பரம் போட்டார்கள்.

எங்களைத் தூக்கி விட்டார்கள். பலராமன் அண்ணனின் வாயோரம் ஏதோ அசைந்தது. கொசுவாகக் கூட இருக்கலாம்.

அம்மா என்னிடம் வரவில்லை. முதலில் பாவிடம் போனாள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை குனிந்து பார்த்துவிட்டு வந்து, "ஒரு இழை அறல" என்றாள். பிறகு என் தலையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். "சிரிக்காமயே பேசுனடி" என்றாள். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. நல்ல வேளை, நேரலை முடிந்துவிட்டிருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

மேடம் போன். என் மேல் புகார் இல்லை. "நீங்க சிரிக்கலையே, ரூல் ரூல்தான்" என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. 'பள்ளத்திலிருந்து' என்ற வார்த்தையைச் சொல்லப் போய்ச் சட்டென்று போனை வைத்துவிட்டார்.

ரஞ்சித்குமாருக்கு மெமோவாம்.

ஜூன் 24, செவ்வாய்

பள்ளம் மூடியாயிற்று. ரோடு ரோலர் வந்தபோது தெருவே கை தட்டியது.

மாலையில் தனக்கோடி அக்கா போன். நம்பர் எப்படிக் கிடைத்ததோ. "பள்ளத்துல வுழுந்துகினு கூட சிரிக்கல. எங்க ஊரு கொழாய்க்கு மட்டும் சிரிச்ச" என்றார். மன்னிப்புக் கேட்டேன். எனக்குப் பயம் வந்தால் சிரிப்பு வரும் என்ற விஷயத்தையும் சொன்னேன். "என் மாமியா கூட அப்டித்தான், எழவு வூட்டுக்கு இட்டுகினு போக முடியாது" என்றார். தண்ணீர் வருகிறதா என்று கேட்டேன். இன்னும் காற்றுதானாம். வெள்ளிக்கிழமை கேமராவோடு வருகிறேன் என்றேன்.

ஜூன் 27, வெள்ளி

குழாய் முன்னால் நின்றேன். திறந்தேன். அதே சத்தம். சிரிக்கவில்லை. தனக்கோடி அக்காதான் சிரித்துவிட்டார்.

ஜூன் 30, திங்கள்

வெள்ளிக்கிழமை செய்தி வந்ததுமே, திங்கட்கிழமைக்குள் தண்ணீர் விடுவதாக அதிகாரிகள் சொன்னார்கள். விட்டார்கள். அக்கா நிறைந்த குடத்தைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார்.

மதியம் ரஞ்சித்குமாரே கூப்பிட்டார்! என்னை 'சுகன்யா மேடம்' என்றார். பேஜாரில் இருக்கிறார். ஆரணி என்ற பெயர் வந்தாலே போதுமாம், பள்ளம், குழி, ஆழம் எதுவும் வாசிக்க முடியவில்லையாம். பங்குச் சந்தை 'ஆழமான சரிவு' என்று எழுதிக்கொடுத்தபோது தண்ணீர் குடிக்கிற மாதிரி மேஜைக்கு அடியில் போய்விட்டாராம். இன்னொரு தடவை என்றால் மைக் போய்விடும் என்று மேடம் சொல்லியிருக்கிறார்.

"நீங்க எப்படித்தான் அடக்குறீங்க?" என்று கேட்டார். பதினான்கு வருஷம் வாசித்தவர், என்னைக் கேட்கிறார். உண்மையைச் சொன்னேன். கோபம் வந்தால் போதும் என்றேன். அவருக்குக் கோபமே வராதாம். அப்படியென்றால் இன்னொரு வழி இருக்கிறது என்றேன்.

அம்மாவின் புளிப் பானையிலிருந்து நல்ல பருத்த கொட்டையாக நான்கு பொறுக்கி, துணியில் சுற்றிக் கூரியரில் போட்டேன்.

ஜூலை 3, வியாழன்

இரவு எட்டு மணிச் செய்திக்கு மூவரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். ரஞ்சித்குமார் இப்போதெல்லாம் நின்றுகொண்டு, பெரிய திரைக்கு முன்னால் நடந்து நடந்து செய்தி சொல்கிறார். புது ஏற்பாடு. மாநிலமெங்கும் சாலைப் பள்ளங்கள் பற்றிச் சிறப்புத் தொகுப்பு. 'பள்ளம்' என்று ஒன்பது தடவை சொன்னார். நான் எண்ணினேன். 'ஆரணி' இரண்டு தடவை. முகத்தில் ஒரு கோடு கூட மாறவில்லை. ஆனால் திரையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குப் போவதற்குள் வலது காலை இழுத்து இழுத்து வைத்தார்.

"பாவம், அந்தப் புள்ளைக்குக் காலு சரியில்லியா?" என்றாள் அம்மா. அப்பா எண்ணெய் பாட்டிலைத் திரும்பிப் பார்த்தார்.

செய்தி முடிவதற்குள் என் போன் அடித்தது. போளூர் சின்னப்பையன் ஐயா. அந்தத் தம்பிக்கும் இப்படி இருக்கிறது என்று தெரியவே தெரியாதாம், அவருடைய மனைவி அழுதுவிட்டாராம். சென்னை ஸ்டூடியோ முகவரி வேண்டும் என்றார்.

தலையணையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரை நிறுத்தி நிறுத்திச் சொன்னேன்.